ஊரில் இருந்த ஒன்பது வாரமும் என் எலும்பு ஊசியும்

நான் இருப்பது வெளிநாட்டில். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். போன இடத்தில் அம்மாவுக்கு முடியாமல் போய், ஒன்பது வாரம் ஆகிவிட்டது. டிக்கெட்டை மாற்றினேன், லீவை நீட்டினேன். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் போட்டுக்கொள்ளும், எலும்புத் தேய்மானத்தை அடக்கும் டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போட வழியில்லை.

எனக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய், வந்து பதினாறு வருடம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நடுநடுவே நிறுத்தியும் மறுபடி தொடங்கியும் வருடக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறேன். ஸ்டீராய்டு ஆரம்பித்த முதல் சில மாதங்களில்தான் எலும்பு வேகமாகத் தேயும் என்று எனக்குத் தெரிய வந்தபோது, முதுகெலும்பு ஒன்று ஏற்கெனவே நசுங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஊசி. நேரத்துக்குப் போட்டால் காப்பாற்றும். விட்டுவிட்டாலோ, அதுவரை அடங்கியிருந்த தேய்மானம் மொத்தமாகக் கிளம்பும். அப்படி விட்டு, வரிசையாக முதுகெலும்புகள் நசுங்கிப்போனவர்கள் உண்டு. "ஒரு மாதத்துக்கு மேல் தாமதம் கூடாது" என்று வெளிநாட்டில் என்னைப் பார்க்கும் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நல்லவேளை, கடைசி ஊசித் தேதி, மருந்தின் அளவு, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதி வாங்கிப் போயிருந்தேன்.

ஊரில் வேகத்துக்குக் குறையே இல்லை. ருமட்டாலஜி டாக்டரை, அதாவது மூட்டு நோய், லூபஸ் போன்றவற்றைப் பார்ப்பவரை, இரண்டே நாளில் பார்த்துவிட்டேன். அங்கே என்றால் மாதக்கணக்கு. கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். "ஊசி இருக்கட்டும்மா, முதல்ல வைட்டமின் டி, கால்சியம், கிட்னி மூணையும் பார்த்துடுவோம்" என்றார். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது இந்த ஊசியைப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கிவிடும் என்பது அவர் கவலை.

காலையில் ரத்தம் கொடுத்தேன், சாயங்காலமே போனில் ரிப்போர்ட். வைட்டமின் டி: 18. போன வருடம் எனக்கு 62. கை நடுங்கிவிட்டது. இரவெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்து, ஒரு கட்டத்தில்தான் எண்ணுக்குப் பக்கத்திலிருந்த சின்ன எழுத்தைக் கவனித்தேன். இங்கே நானோகிராம் கணக்கு, அங்கே நானோமோல் கணக்கு. இரண்டரையால் பெருக்கினால் 18 என்பது 45. 62-லிருந்து 45. குறைவுதான், ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. இரண்டு நாட்டில் டெஸ்ட் எடுப்பவர்கள் தயவுசெய்து அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே வைத்தியம். "காலையில கொஞ்ச நேரம் வெயில்ல நில்லு, எல்லாம் சரியாயிடும்" என்று அக்கா தினம் சொன்னாள். அவள் பாசத்தில் சொல்கிறாள். ஆனால் வெயில் பட்டால் எனக்கு முகத்தில் தடிப்பு எழும்பும், மூட்டு வீங்கும், நோயே கிளர்ந்தெழும். கண்ணாடி ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள். அதிலும் பயனில்லை. வைட்டமின் டி-யை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும், லூபஸைக் கிளப்பக்கூடிய இன்னொரு கதிரை உள்ளே விட்டுவிடும். எங்களைப் போன்றவர்களுக்கு மாத்திரைதான் வெயில். இதை அக்காவுக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று.

வேறொரு இடத்தில், "வைட்டமின் டி-யை ஒரே ஊசியில ஆறு லட்சம் யூனிட் ஏத்திடலாம், வேலை முடிஞ்சது" என்றார்கள். டாக்டரிடம் கேட்டேன், வேண்டவே வேண்டாம் என்றார். 2010-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தபோது, விழுவதும் எலும்பு முறிவும் குறைவதற்குப் பதில் கூடியிருந்தன. எனக்கு வாரம் ஒன்றாக 60,000 யூனிட் கேப்சூல் எழுதினார்.

அதில்தான் எனக்கு இன்றும் மனது ஆறாத விஷயம் நடந்தது. மருந்துக்கடையில் கேப்சூலைப் போட்டுத் தந்த கவரின் மேல் நீலப் பேனாவால் "தினம் 1, காலை" என்று எழுதியிருந்தது. சீட்டில் இருந்தது வாரம் 1. நான் சீட்டையும் கவரையும் அருகருகே வைத்துப் பார்த்ததால் தெரிந்தது. தெரியாமல் தினமும் விழுங்கியிருந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, லூபஸால் ஏற்கெனவே ஒருமுறை அடிபட்ட என் சிறுநீரகத்தைப் பதம் பார்த்திருக்கும். திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் அந்த வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினார், ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. கண் மங்கிய ஒரு வயதானவர் அந்தக் கவரை நம்பித்தானே சாப்பிடுவார்?

இடையில் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுத்தேன். அதில் வரும் டி ஸ்கோர் என்ற எண் மைனஸில் கூடக்கூட எலும்பு பலவீனம் என்று அர்த்தம். போனமுறை மைனஸ் 2.7, இப்போது மைனஸ் 2.3. "எலும்பு நல்லா ஏறியிருக்கு" என்று ஸ்கேன் எடுத்தவர் சொன்னதும் அழுகையே வந்துவிட்டது. டாக்டர் மெதுவாகச் சொன்னார்: வேறு மெஷினில் எடுத்ததை வைத்து ஏறியது, இறங்கியது என்று சொல்ல முடியாது, முன்பு எடுத்த அதே மெஷினில் எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்று. எடுக்கும் முன்பே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

மூன்று கேப்சூல் முடிந்து கால்சியம் சரியாக வந்த பிறகு ஊசி போட்டார்கள். தேதி தாண்டி ஐந்து நாள். ஐஸ் பெட்டியில் வந்த மருந்தை வெளியே வைத்து, குளிர் விடும்வரை காத்திருந்து போட்ட நர்ஸம்மா, "வாயைச் சுத்தி, விரல் நுனியில மதமதப்பு இருந்தா உடனே வந்துடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். டப்பாவிலிருந்த லேபிளைக் கிழித்து என் கடிதத்திலேயே ஒட்டி, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆறு மாதத்தை இனி அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

பத்தாம் நாள் மறுபடி ரத்தம் கொடுத்தேன். கால்சியம் இறங்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் திரும்புவதற்கு டிக்கெட் போட்டேன்.