ஆறு கொம்பு ரவுட்டரும் நாலு கம்பி வயரும்: நங்கநல்லூர் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

சென்னையில் நங்கநல்லூர், ஆதம்பாக்கம், உள்ளகரம், மடிப்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். “நெட் ஸ்லோவா இருக்கா சார்? ரவுட்டரை மாத்திட்டா பறக்கும்” என்று ஓர் இணைய கம்பெனியின் லைன்மேன் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வருகிறார். எங்கள் வீட்டில் அவர் கறந்தது ரூ.9,200. புகார் நடந்துகொண்டிருப்பதால் அந்தக் கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை. இதே வித்தையை எந்த ஏரியாவிலும் யார் வேண்டுமானாலும் காட்டலாம்.

எங்களுடையது தரைத்தளமும் ஒரு மாடியும். கீழே அப்பா, அம்மா. மேலே நாங்கள். ஃபைபர் வயர் ஈபி கம்பத்திலிருந்து வேப்பமரக் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி, கீழ் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இறங்குகிறது. கம்பெனி கொடுத்த பெட்டி அங்கேதான் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையை மட்டும் தரும் பழைய ரகம். 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) பிளானுக்குப் பணம் கட்டுகிறோம். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போகும்போது பத்து, பன்னிரண்டுதான் தேறும். மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங் நடுவில் அவர் முகம் அப்படியே உறைந்து நின்றுவிடும். அப்புறம் மொபைல் டேட்டாவுக்கு மாறி ஒப்பேற்றுவார்.

கம்பெனிக்குப் போன் செய்து சொன்னதும் இந்த லைன்மேன் வந்தார். நான் ஆபீசில், மனைவி மேலே மீட்டிங்கில். பேசியதெல்லாம் அப்பாவிடம். கையோடு ஒரு ரவுட்டர் கொண்டுவந்திருந்தார். பெயர் தெரிந்த கம்பெனியின் டப்பா, மேலே ஆறு கொம்பு (ஆன்டெனா). “ஏஎக்ஸ்3000 ஐயா, வைஃபை 6. மூவாயிரம் ஸ்பீடு. கடையில ஏழாயிரம், உங்களுக்காக 4,800.” அப்பா பில் கேட்டிருக்கிறார். “பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சென்ட் ஏறும் ஐயா, எதுக்கு வீணா?” அப்பா ஜிபேயில் அனுப்பினார். விலையையும் மாடலையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லி வாங்கியும் வைத்துக்கொண்டார். இப்போது எங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்த மெசேஜ்தான்.

மாட்டி முடித்ததும் ரவுட்டர் பக்கத்திலேயே நின்று ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினார். 94. முன்பைவிட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 200 எங்கே என்று சாயங்காலம் நான் போனில் கேட்டேன். “உங்க பிளான்ல வைஃபைல பாதிதான் சார் வரும். 300-க்கு ஏத்திடுங்க.” ஆறு மாத வித்தியாசம் ரூ.1,800 அவர் மூலமாகவே போனது. மறுபடியும் டெஸ்ட் போட்டால் 94. மாடியில் அதைவிட மோசம். அதற்கும் அவரிடம் மருந்து இருந்தது, “பூஸ்டர்” என்று ரூ.2,600. அதை மாடி அறைக்குள்ளேயே, மனைவியின் மேஜைக்குப் பக்கத்து பிளக்கில் செருகினார். போனில் நாலு கோடும் நிரம்பிவிட்டது. வேகம் இருபதைத் தாண்டவில்லை.

அக்கா பையன் நெட்வொர்க் வேலையில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவனிடம் புலம்பினேன். “காலையில, ராத்திரி, எப்ப போட்டாலும் 94-தானா மாமா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “அப்ப வைஃபையை விடுங்க, வயரைப் பார்ப்போம்.”

ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் இணைக்கும் சின்ன வயரைக் கழற்றி, அதன் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். எட்டுக் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது. ஆரஞ்சு, பச்சை, அவற்றின் வெள்ளைக் கோடு போட்ட ஜோடிகள். நீலமும் பழுப்பும் இருக்கவேண்டிய குழிகள் காலி. நாலு கம்பியில் 100 எம்பிபிஎஸ்தான் ஓடும். ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், ஓட எட்டும் வேண்டும். அந்த 100-லும் தகவலைப் பொட்டலம் கட்டி அனுப்பும் செலவு போக, டெஸ்டில் 94, 95 என்றுதான் காட்டும். லைன் 200 ஆக இருந்தாலும் 300 ஆக இருந்தாலும் அந்த எண் அசையாது. மாடியில் பெரிய டேங்க் கட்டி அரை இன்ச் பைப்பில் தண்ணீர் இறக்குகிற கதை. இது தெரிந்த ஆள்தான் எங்களிடம் பிளானை ஏற்றச் சொன்னார். தெரியாமல் நடந்தது என்று நான் நம்பத் தயாராக இல்லை. அந்த வயரின் முனையை அழுத்தியதே அவர்தான்.

வயரை மாற்றினோம். மறுபடியும் 94!

இந்த முறை அவன் ரவுட்டரின் அட்மின் பக்கத்தை, அதாவது அதன் செட்டிங் பக்கத்தை, திறந்தான். யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். முதல் அடியிலேயே திறந்துகொண்டது. மாடல் பெயர் டப்பாவில் இருந்ததில்லை, வேறு ஏதோ. இணையம் உள்ளே வரும் போர்ட் (வயர் செருகும் துளை) 100 எம்பிபிஎஸ் என்று காட்டியது. அதற்குமேல் போக அந்த ரவுட்டரில் வழியே இல்லை. பின்பு திருப்பிப் போட்டு அடியில் இருந்த லேபிளைப் பார்த்தோம். ஒரு மூலையில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டி நகத்தால் உரித்தான். பளபள லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிள், கொஞ்சம் மஞ்சளித்து: ஏசி1200, வைஃபை 6-க்கு முந்தைய தலைமுறை. சீரியல் நம்பரும் டப்பாவில் அச்சிட்டதும் வேறு வேறு. பழைய லேபிளின் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்தால் வாரண்டி எப்போதோ முடிந்திருக்கிறது. யார் வீட்டிலோ ஓடிக் கழித்த ரவுட்டரைத் துடைத்து, வேறு டப்பாவில் வைத்து எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விற்பவர்கள் விளையாடுவதே இதில்தான். ஏசி1200 என்றால் 2.4-ல் 300-ம் 5 கிகாஹெர்ட்ஸில் 867-ம் சேர்த்து முழுமையாக்கிய எண். ஏஎக்ஸ்3000 என்றால் 574-ம் 2402-ம். ஏட்டுக் கணக்கில் ரேடியோவின் உச்சம் அது. சாதாரணமாக உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் (அலைவரிசையில்தான்) இருக்கும். சுவரும் தூரமும் சேர்ந்தால் நிஜத்தில் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். இத்தனைக்கும் பிறகு பின்பக்கப் போர்ட் 100 எம்பிபிஎஸ் என்றால் முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தும் புண்ணியமில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் தரும் மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் போர்ட் இன்னும் அந்த 100-தான். இது மோசடிகூட இல்லை, டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘10/100’ என்று போட்டிருப்பார்கள். ‘10/100/1000’ அல்லது ‘ஜிகாபிட்’ என்று இருக்கிறதா என்று அங்கே பாருங்கள். கொம்புகளை எண்ண வேண்டாம். ஃபைபர் பெட்டியிலும் இதே சிக்கல் உண்டு. சிலவற்றில் ஒரே ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், அதன் தலையில் ‘ஜிஇ’ என்று இருக்கும். ‘எஃப்இ’ என்று எழுதியதில் செருகினால் பழையபடி 94.

பூஸ்டர் கதைக்கு வருகிறேன். அந்த மாதிரிச் சின்ன பூஸ்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்லும். அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதையும் சிக்னல் ஏற்கெனவே செத்துப்போன அறையில் செருகினால் அதற்குக் கிடைப்பதே அரைகுறை, அதைத்தான் உங்களுக்குத் தரும். போனில் நாலு கோடு தெரிவது பூஸ்டருக்கும் போனுக்கும் நடுவே உள்ள தெம்பு. பூஸ்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. பாதி வழியில், படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்திருந்தால் ஓரளவு பரவாயில்லை. இதுகூடத் தெரியாத ஆளா லைன்மேன்?

எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கியது பணம் இல்லை. அந்த ரவுட்டரில் ரிமோட் மேனேஜ்மென்ட் திறந்தே கிடந்தது. வெளியிலிருந்து அட்மின் பக்கத்துக்கு வர வழி திறந்து, பாஸ்வேர்டையும் அட்மின் என்றே விட்டிருக்கிறார். அந்த வைஃபையில்தான் அப்பா தன் பென்ஷன் கணக்கைப் பார்க்கிறார். இவரிடம் ரவுட்டர் வாங்கியவர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும், இன்றைக்கே அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ரிமோட் மேனேஜ்மென்டை அணைத்துவிடுங்கள்.

லைன்மேனுக்குப் போன் போட்டேன். லேபிளை உரித்துவிட்டோம் என்றதும் குரல் மாறிவிட்டது. “ஹோல்சேல்ல அப்படித்தான் சார் வருது, எனக்கே தெரியாது.” அடுத்த வாரம் மாற்றித் தருவதாகச் சொன்னார். அப்புறம் போனை எடுப்பதே இல்லை. கம்பெனி ஆபீசுக்கு நேரில் போனோம். “ரவுட்டர் நாங்க விக்கறதே இல்ல சார். அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள டீலிங்.” அவர் போட்டிருக்கும் சட்டையில் உங்கள் கம்பெனி பெயர்தானே இருக்கிறது, பிளானை ஏற்றியது உங்கள் சிஸ்டத்தில்தானே என்று அப்பா கேட்டார். பதில் இல்லை. எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்தோம். அதன் பிறகு பிளான் வித்தியாசம் ரூ.1,800-ஐ அடுத்த பில்லில் கழித்துவிட்டார்கள். ரவுட்டருக்கும் பூஸ்டருக்கும் கொடுத்த பணம் இன்னும் வரவில்லை.

பில் இல்லையே, என்ன செய்ய முடியும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ரூ.5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், இரண்டு லேபிளும் ஒரே படத்தில் தெரியும் போட்டோ, எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறோம். அப்பா விடுவதாக இல்லை. ரிடையர் ஆனவருக்கு நேரம் நிறைய.

சரி, வீட்டு வைஃபை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். அங்கே போனால் ஏமாற்றிவிடுவார்கள் என்று பயமுறுத்தாத ஆளில்லை. போன கடையில் கேட்காமலேயே ஜிஎஸ்டி பில் போட்டு, டப்பாவின் சீரியலும் ரவுட்டர் அடியில் இருக்கும் சீரியலும் ஒன்றுதானா என்று எங்களையே பார்க்கச் சொன்னார்கள். ஜிகாபிட் போர்ட் உள்ள ரவுட்டர் இரண்டு வாங்கினோம், கூடவே ஜிகாபிட் தாங்கும் கேட்6 வயர். பழைய கேபிள் டிவி வயர் போன பைப்பிலேயே எலக்ட்ரீஷியன் அதை மாடிக்கு இழுத்துக் கொடுத்தார். மேலே இரண்டாவது ரவுட்டர் அக்சஸ் பாயிண்டாக, அதாவது வயரில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக, ஓடுகிறது. கீழே இருப்பதை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து அலமாரி மேல் தட்டில் வைத்தோம், இரும்பு பீரோவை விட்டுத் தள்ளி. ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை லைன்மேன் அணைக்காமலேயே விட்டிருந்தார். அது பக்கத்திலேயே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, அதையும் அணைத்தாயிற்று. பிளானைப் பழைய 200-க்கே இறக்கிவிட்டோம். கீழே 190-ஐத் தாண்டுகிறது, மனைவியின் மேஜையில் 180 வருகிறது.

அதே லைன்மேன் போன வாரம் எதிர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார், கையில் அதே மாதிரி ஆறு கொம்பு டப்பாவோடு. அப்பா ரோட்டைத் தாண்டிப் போய், “டப்பாவைப் பிரிச்சு அடியில லேபிளைக் காட்டுப்பா” என்றிருக்கிறார். வேறு வேலை இருக்கிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். உங்கள் வீட்டுக்கு வந்தாலும் அதையே கேளுங்கள். வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் பணம் அனுப்பிய ரசீதோடு எனக்கு எழுதுங்கள். தனித்தனியாகப் போடுவதைவிட எல்லாருமாகச் சேர்ந்து புகார் கொடுக்கலாம் என்று அப்பா சொல்கிறார்.