பழைய வீட்டு வயரிங்: எதற்கு முதலில் காசு போடலாம்?

செங்கோட்டையில் எங்கள் ஓட்டு வீடு, ஊர் 1956-ல் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே தாத்தா கட்டியது. கட்டை வயரிங், பீங்கான் ஃபியூஸ். எர்த் கிடையாது. சாரல் காலத்தில் சுவர் ஊறிவிட்டால் மோட்டார் சுவிட்ச் சுருக்கென்று அடிக்கும். அம்மா செருப்பு போட்டுக்கொண்டுதான் அதைத் தொடுவார்.

முதலில் வந்த காண்ட்ராக்டர் வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, மொத்தத்தையும் மாற்ற 1,40,000 ரூபாய் என்றார். எதையும் அளக்கவில்லை. அப்புறம் எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் வயர்மேன் அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். அவர் மெகரோடு, அதாவது வயர் உறை கரண்டைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் கருவியோடு, வந்தார். அடுக்களை ஜங்ஷன் பெட்டியைத் திறந்து வயரை லேசாக வளைத்ததும் ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே செம்பில் பச்சை. முன்னறையில் பிறகு இழுத்த பிவிசி வயர் நன்றாகவே இருந்தது. "இத இப்போ மாத்த வேண்டாம் தம்பி, அந்தக் காச எர்த்துக்குப் போடுங்க" என்றார். அந்த இடத்திலேயே வேலையை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

எர்த் குழி, எம்சிபிகள் (ஓவர்லோடு ஆனால் தானாக அணையும் சுவிட்சுகள்), ஒரு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்), அடுக்களைக்கும் மோட்டாருக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், கூலி எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். இதில் ஆர்சிசிபி சுமார் 2,300தான். ஆனால் உயிரைக் காப்பது அதுதான். 5 ஆம்பியர் ஃபியூஸ் ஆளுக்கு ஷாக் அடிக்கும்போது போகாது. உடம்பு வழியாக ஓடுவது அதைவிட மிகக் குறைவு. ஆர்சிசிபி லைனில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் ஒன்றா என்று பார்க்கிறது. திரும்புவது 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கட் ஆகிவிடும். லைனையும் நியூட்ரலையும் ஒருசேரப் பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது. ஓவர்லோடுக்கும் அது உதவாது, எம்சிபி தனியாக வேண்டும்.

குறையும் உண்டு. மாட்டிய அன்று இரவே சும்மா சும்மா டிரிப் ஆனது. இன்வெர்ட்டர் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் கலந்திருந்தன. மறுநாள் வந்து பிரித்துக் கொடுத்தார். எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று எழுதவில்லை, பில்லையும் கேட்டுத்தான் வாங்கினேன்.

கடையில் 100, 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கிடைக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க. ஆளைக் காக்க 30-ஐத்தான் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மச்சு அறை வயரிங் பாக்கி இருக்கிறது. தைக்கு மேல் அதையும் அண்ணாச்சியிடமே கொடுக்கப் போகிறேன்.