ஈரல் கொழுப்புக்கு வாங்கின சிலிமரின் குளிசை, அப்பா மூண்டு மாசம் போட்டுப் பாத்ததில

அப்பாவுக்கு ஸ்கானில ஈரல்ல கொழுப்பு, கிரேட் 2 எண்டு வந்த கையோட யாழ்ப்பாணம் ரவுனில ஒரு பாமசில கேட்டு சிலிமரின் 140 மில்லிகிராம் குளிசை வாங்கினன், பெட்டியில அது எடுக்கிற செடியின்ர ஊதாநிற முள்ளுப்பூப் படம் போட்டிருக்கும், நாளைக்கு மூண்டு. டொக்டரிட்டக் காட்டாமல் நானே வாங்கினது, அது என்ர பிழை.

வயித்துக்கு ஒண்டும் செய்யேல்ல, அது உண்மை. ஆனா மூண்டு மாசம் முடிய எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பைக் காட்டுற இரத்தப் பரிசோதனை, குறைஞ்சால் நல்லம்) 68இல இருந்து 64, அவ்வளவுதான். சரியான விலை வேற.

பிறகு கிளினிக்குக்குப் பெட்டியையும் கொண்டு போனன். டொக்டர் அதைத் திருப்பித் திருப்பி வாசிச்சுப்போட்டு, "ஐயா, இது உங்களுக்குக் கெடுதல் செய்யாது, ஆனா கொழுப்பு இறங்கும் எண்டு நம்பிப் போடாதேங்கோ" எண்டார். மலேசியாவில 700 மில்லிகிராம் படி நாளைக்கு மூண்டு தரம் 48 கிழமை குடுத்துப் பாத்து 2017இல வந்த ஆய்விலயே எதிர்பார்த்த பலன் வரேல்லயாம். விற்றமின் ஈ கேட்டன், அது பலன் காட்டின பெரிய ஆய்வு சீனி வருத்தம் இல்லாத ஆக்களில, அப்பாவுக்குச் சீனி இருக்கு, அதால வேண்டாம் எண்டிட்டார்.

அமெரிக்காவில 2024 மார்ச்சில ரெஸ்மெட்டிரோம் குளிசைக்கும் 2025 ஓகஸ்டில செமாகுளூட்டைட் ஊசிக்கும் இந்த வருத்தத்துக்கு அனுமதி குடுத்திருக்கினம், வெளிநாட்டில இருக்கிற அண்ணாவைக் கேட்டு எப்பிடியும் எடுப்பிக்கலாம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் போனன். ஆனா அது ரெண்டும் அழற்சியோட ஈரல்ல தழும்பும் விழுந்து எஃப்2, எஃப்3 கட்டத்தில நிக்கிற ஆக்களுக்கு. ஈரலின்ர இறுக்கத்தை அளந்து தழும்பைப் பாக்கிற ஃபைப்ரோஸ்கானில அப்பாவுக்கு 5.4 கிலோபாஸ்கல், தழும்பு எண்டு சொல்ல ஒண்டுமில்லை. கொழுப்பின்ர கிரேட் வேற, தழும்பின்ர கட்டம் வேற எண்டு அண்டைக்குத்தான் எனக்கு வடிவா விளங்கினது, அந்த 2ஐப் பாத்துப்போட்டு எத்தினை இரவு நித்திரை இல்லாமல் கிடந்தன்.

அவர் சொன்ன வைத்தியம் நிறையைக் குறைக்கிறது. 84 கிலோவில 7 வீதம், ஆறு கிலோ மட்டில இறங்கினால் அழற்சியும் தணியும் எண்டார். இப்ப அப்பா பின்னேரத்தில பண்ணைப் பக்கம் நடக்கிறார், தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, இரவில பாண் இல்லை. நாலு மாசத்தில 79 கிலோ, எஸ்ஜிபிடி 41.

குளிசைக்கு அஞ்சில ரெண்டு புள்ளி, அதுவும் பக்கவிளைவு இல்லாததுக்கு. உங்கட வீட்டிலயும் ஆருக்கும் கிரேட் 2 எண்டு வந்தால் பெட்டி வாங்குற காசை முதல் ஃபைப்ரோஸ்கானுக்கு வையுங்கோ, ரிப்போட்டோட டொக்டரிட்டப் போங்கோ.