மலைச்சாலையில் நூறு சிசி எஞ்சின்: சிலிண்டர், பிஸ்டன் தேய்மானம் பற்றிய நெடுநாள் அனுபவம்

உதகையில் குடியிருந்துகொண்டு குன்னூருக்கு வேலைக்குப் போய்வரவும், அவ்வப்போது பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி ஏறவும் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரே நூறு சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டியைத்தான் ஓட்டிவருகிறேன். 50 மில்லிமீட்டர் போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை), 49.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 97.2 சிசி கொள்ளளவு, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் என்று நம் ஊர்களில் எங்கும் காணக்கூடிய எளிய எஞ்சின் அது. வண்டியின் நிறத்தையோ மைலேஜையோ பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. இந்த உயரத்திலும் குளிரிலும் ஒரு சிறிய எஞ்சினின் போரும் பிஸ்டனும் எப்படித் தேய்கின்றன, அந்தத் தேய்மானத்தை வெளியிலிருந்தே எவ்வாறு கண்டறிவது, எப்போது ரீபோர் செய்வது (தேய்ந்த போரைக் கடைந்து அகலமாக்குவது), எப்போது செய்யாமல் விடுவது என்பவற்றை மட்டும் எழுதுகிறேன். மலையேற்றம்தான் எஞ்சினைத் தின்கிறது என்பது இங்கே பரவலான நம்பிக்கை. என் வண்டியைக் கழற்றிப் பார்த்த அளவில், ஏற்றத்தைவிடக் காலைக் குளிரும் குறுந்தூர ஓட்டமுமே போரை அதிகம் தேய்த்திருக்கின்றன என்றுதான் சொல்வேன்.

முதலில் உயரத்தைப் பற்றி. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலும், உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 77 விழுக்காடுதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளே வரும் காற்றின் எடை அதே அளவில் குறைகிறது. ஆனால் கார்புரேட்டரின் ஜெட் என்னும் நுண்துளை வழியே வரும் பெட்ரோல் அந்த விகிதத்தில் குறைவதில்லை. ஆகவே கலவையில் பெட்ரோல் மிகுந்து, பிளக் கறுத்து, பிஸ்டனின் தலையிலும், பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளியை அடைக்கும் மேல் ரிங்கின் பள்ளத்திலும் கரி படிகிறது. இங்குள்ள பட்டறைகளில் காற்றுத் திருகைச் சற்றுத் திருப்பிவிட்டு அனுப்பிவிடுவார்கள். அது ஐட்லிங்கை, அதாவது திராட்டிலைத் திருகாமல் எஞ்சின் ஓடுவதை, மட்டுமே சரிசெய்யும். ஏற்றத்தில் திராட்டிலைத் திருகி ஓட்டும்போது வேலை செய்வது மெயின் ஜெட். சிறிய மெயின் ஜெட் போட்டுக்கொள்ளலாமே என்று எனக்கும் தோன்றியது. மேலேயே ஓடும் வண்டிக்கு அது நல்ல தீர்வு. ஆனால் அதே ஜெட்டுடன் மேட்டுப்பாளையம் இறங்கி, சமவெளி வெயிலில் கோவை வரை ஓட்டினால் கலவையில் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடாகும். கரியைச் சுரண்டி எடுத்துவிடலாம், உருகிய பிஸ்டனை மீட்க முடியாது என்பதால் கம்பெனி ஜெட்டையே வைத்திருக்கிறேன். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. காற்றழுத்தத்தை உணரும் சென்சார், ஊசிபோலப் பீய்ச்சும் பெட்ரோலின் அளவைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இந்த உயரக் கணக்கு, பிஸ்டன் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையிலும் குறுக்கிடுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பிளக் துளையில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிக் கிக்கரை உதைத்துப் பார்க்கும்போது, கடல்மட்டத்தில் 160 பிஎஸ்ஐ காட்டக்கூடிய பழுதில்லாத எஞ்சின் உதகையில் ஏறத்தாழ 123 மட்டுமே காட்டும். உள்ளே இழுக்கப்படும் காற்றே அழுத்தம் குறைந்தது என்றால், அதை எவ்வளவு அமுக்கினாலும் அந்தக் குறைவு அப்படியே இருக்கத்தான் செய்யும். சமவெளிக்கு எழுதப்பட்ட எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு "கம்ப்ரஷன் போயிருச்சு, போர் போட்டுரணும்" என்று தீர்ப்புச் சொன்ன ஒரு பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பி எடுத்துவந்தேன். எஞ்சின் சூடாக இருக்கும்போது, திராட்டிலை முழுவதும் திறந்து வைத்துத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் எண் இன்னும் பொய் சொல்லும். எண் குறைவாக வந்தால், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி உதைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன, ஆயில் அந்த இடைவெளியை அடைக்கிறது என்று பொருள். உயரவே இல்லையென்றால் பழுது பெரும்பாலும் வால்விலோ, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் அடியில் வைக்கும் கேஸ்கட்டிலோ இருக்கும். அதற்காகப் போர் உள்ள சிலிண்டர் பிளாக்கைக் கழற்றுவது வீண் செலவு.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளியெல்லாம் வெண்மையாக உறைபனி படியும் காலைகளில் வண்டியைக் கிளப்பினால், பிளாக்கின் உள்ளிருந்து 'டக் டக்' என்று ஒரு மெல்லிய தட்டல் கேட்கும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. போரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால், சூடான நிலையில் சரியாகப் பொருந்தும்படி குளிர்ந்த நிலையில் சற்றே தளர்வாகவே பிஸ்டனைச் செய்கிறார்கள். அந்தத் தளர்வில் பிஸ்டன் பக்கவாட்டில் ஆடுவதே அந்தத் தட்டல். சில நிமிடங்களில் மறைந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பின்னும் தொடர்ந்தால் போர் அகன்றுவிட்டது என்று கொள்ளலாம்.

உண்மையான கேடு அந்தச் சத்தத்தில் இல்லை, குளிரில் கிளப்புவதற்காகக் கலவையில் பெட்ரோலை மிகுதியாக்கும் சோக்கில் இருக்கிறது. சோக்கை இழுத்தபடி ஓட்டும்போது எரியாத பெட்ரோல் போரின் சுவரில் வழிந்து, அங்கிருக்கும் மெல்லிய ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது. கிளப்பிய முதல் நிமிடங்களில் ரிங்குகள் ஏறக்குறைய வறண்ட சுவரில் உரசுகின்றன. இறங்கிய பெட்ரோல் கீழே ஆயிலுடன் கலந்து அதையும் நீர்க்கச் செய்கிறது. வண்டி அதற்குப் பின் நெடுந்தூரம் ஓடினால் சூட்டில் இந்தப் பெட்ரோலும், எரிதலில் உண்டாகும் நீராவியும் ஆவியாகி வெளியேறிவிடும். சேரிங் கிராஸ் வரை போய்ப் பால் வாங்கிவருவதோடு வண்டியை நிறுத்திவிட்டால் அவை உள்ளேயே தங்கும். ஆயில் அளக்கும் குச்சியைக் கழற்றிப் பார்க்கும்போது அதன் மூடியில் தயிர் போல வெளிறிய நுரை ஒட்டியிருப்பதை மலையில் வண்டி வைத்திருப்போர் பலரும் கண்டிருப்பார்கள். ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான் இந்த எஞ்சினில் இருக்கிறது. அதில் சிறிது தண்ணீர் சேர்ந்தாலும் விகிதம் பெரிது. ஆகவே குளிர்காலத்தில் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதத்தைப் பார்த்து ஆயில் மாற்றுகிறேன். சோக்கை எஞ்சின் நிற்காமல் ஓடத் தொடங்கியதுமே பாதியாக்கி, தெருமுனை தாண்டுவதற்குள் முழுவதும் மூடிவிடுவேன்.

இறக்கத்திற்கு வருகிறேன். மலைப்பாதைகளில் இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் பிரேக்கைக் காப்பதற்காக வைக்கப்பட்டவை. அதைப் பின்பற்றத்தான் வேண்டும். ஆனால் திராட்டில் மூடிய நிலையில் சக்கரம் எஞ்சினைச் சுழற்றும்போது, நிமிடத்துக்கு 6,000 சுற்றில் நொடிக்கு ஐம்பது முறை பிஸ்டன் இறங்கி, வர வழியில்லாத காற்றை இழுக்கப் பார்க்கிறது. அந்த வெற்றிடம் வால்வுத் தண்டின் பக்கமாகவும் ரிங்குகளின் பக்கமாகவும் ஆயிலை எரியறைக்குள் உறிஞ்சும். இதனாலேயே மலைச்சாலை ஒரு நல்ல சோதனைக்கூடம். நெடிய இறக்கம் முடிந்து சமதளத்தில் முதன்முதலாகத் திராட்டிலைத் திருகும்போது நீலப்புகை ஒரு வீச்சாக வந்து அடங்கிவிட்டால் சந்தேகப்பட வேண்டியது வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் வால்வு சீல். ஹெட்டை மட்டும் கழற்றி, குறைந்த செலவில் மாற்றிவிடலாம். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற ஏற்றத்தில், எஞ்சின் சுமையோடு இழுக்கும்போது இடைவிடாமல் நீலப்புகை வந்தால் அது ரிங்கின் வேலை. குளிர்காலைகளில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் வெறும் நீராவி. கறுப்புப் புகை பெட்ரோல் மிகுதி. இவை நான்கையும் ஒன்றாக்கிப் 'புகை தள்ளுது' என்று சொல்லிப் பட்டறையில் விட்டால், செலவு மிகுந்த முடிவுதான் நமக்குக் கிடைக்கும்.

பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இறக்கம் இதைவிட ஆபத்தானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றில் திராட்டிலை மூடினால் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுவிடும். சுற்று மட்டும் குறையாது. டிவிஎஸ் 50 போன்றவை எங்கும் ஓடிய காலத்துப் பெரியவர்கள் இறக்கத்தில் இடையிடையே திராட்டிலை ஒரு முறுக்கு முறுக்கி விடுவது வெறும் பழக்கமன்று. பிஸ்டன் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அது தேவை.

என் வண்டியில் ஏற்றத்துப் புகையும், ஆயில் ஊற்றியதும் உயர்ந்த கம்ப்ரஷனும் ஒருசேரத் தெரிந்த பிறகே பிளாக்கைக் கழற்றச் சம்மதித்தேன். குன்னூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன், "புகையே சொல்லுதே தம்பி, இதுல அளந்து என்னத்தப் பாக்குறது?" என்றார். இருந்தாலும் அளந்தோம். ரிங்கைப் போருக்குள் வைத்துப் பிஸ்டனாலேயே தள்ளி நேராக்கி, அதன் முனைகளுக்கிடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பார்த்தால், புதிதில் 0.1 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது அரை மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. இது மட்டும் என்றால் ரிங் மாற்றினால் போதும். துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை மேல், நடு, அடி என மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் இரு திசைகளில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிவானது. மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில் போர் அடியைவிட அகன்றும், பிஸ்டன் சாயும் பக்கத்தில் நீள்வட்டமாகவும் இருந்தது. அந்த இடத்தில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புவதால் ஆயில் படலம் மிக மெலிந்திருக்கும். எரிதலின் அழுத்தமும் அங்கேதான் உச்சம். சோக்குப் பெட்ரோல் முதலில் கழுவுவதும் அதே இடத்தைத்தான். இப்படி வட்டம் கெட்ட போரில் புது ரிங் போட்டால் சில மாதங்களில் பழைய புகையே திரும்பும்.

ரீபோர் செய்ய, அகன்ற துளைக்கேற்பச் சற்றே பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்ற படிகளில் கிடைக்கின்றன. தேய்மானம் முழுவதும் மறையக்கூடிய மிகச் சிறிய அளவையே கேட்டு வாங்க வேண்டும். 'ஒரேயடியா ஐம்பது போட்டுக்கலாம்' என்பது லேத் வேலையை எளிதாக்கும் பேச்சு. பிளாக்கின் ஆயுளில் ஒரு படியை அது வீணாக்கும். 0.25 போட்டால் கொள்ளளவு ஒரு சிசி அளவே கூடும் என்பதால் பிக்கப் பெருகும் என்று எதிர்பார்ப்பதும் வேண்டாம். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை லேத்தில் கொடுத்து, அதற்கேற்பப் போரைக் கடையச் சொல்வதுதான் முறை. கடைந்த பின் ஹோனிங் செய்து, அதாவது கல்லால் தேய்த்து, சுவரில் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கீறல்கள் தெரிய வேண்டும். ஆயில் தங்குவது அந்தக் கீறல்களில்தான். நிக்கல்-சிலிக்கன் பூச்சுப் போட்ட பிளாக்குகளை மட்டும் இப்படிக் கடைய இயலாது.

கோவையிலிருந்து கடைந்து வந்த பிளாக்கை மெக்கானிக்குகள் பெரும்பாலும் பெட்ரோலில் அலசி அப்படியே மாட்டிவிடுகிறார்கள். ஹோனிங் கல்லின் பொடி பெட்ரோலில் முழுவதும் போகாது. வெந்நீரும் சோப்பும் கொண்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுக்காத வரை தேய்த்துக் கழுவி, உடனே ஆயில் தடவ வேண்டும். எங்கள் ஊர் ஈரப்பதத்தில் கழுவிய இரும்பு சிறிது நேரத்திலேயே துருவேறிவிடும். பிஸ்டன் தலையிலுள்ள குறி இன்டேக் பக்கம் பார்க்கவும், ரிங்கில் எழுத்துப் பொறித்த முகம் மேலே இருக்கவும், ரிங் வாய்கள் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகி நிற்கவும் பார்த்துக்கொண்டேன். பிஸ்டன் பின்னைக் கழலாமல் பிடிக்கும் சர்க்ளிப் என்னும் கம்பி வளையத்தைப் பழையதையே மாட்டுவது கூடவே கூடாது. அது கழன்றால் புதுப் போரையே கிழித்துவிடும்.

ஓட்டிப் பழக்கும் முதல் சில நூறு கிலோமீட்டர்களை மலையில் ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக ஓட்டலாம். ரிங் சுவரோடு படிய மிதமான சுமை தேவை. வெறுமனே ஐட்லிங்கில் விட்டுவைத்தால் கீறல்கள் மழுங்கிச் சுவர் வழவழப்பாகிவிடும். மூச்சுத்திணறும் உயர் கியரில் ஏற்றாமல், ஒரு கியர் குறைத்து, பாதித் திராட்டிலில், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஒரே ஆளாக ஓட்டுவது நல்லது. லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏற நேர்ந்தால் காற்று படாமல் பிளாக் கொதிக்கும். ஓரம் கட்டி நின்றுவிடலாம். 500 கிலோமீட்டரில் வடித்த முதல் ஆயில் உலோகப் பொடியால் மினுங்கியது, அது இயல்பே.

அதன் பிறகான பராமரிப்பில் சொல்ல அதிகமில்லை. எஸ்டேட் சாலைகளின் செம்மண் பிளாக்கைக் குளிர்விக்கும் துடுப்புகளுக்கு இடையே அப்பிக் காய்ந்தால் அந்த இடம் மட்டும் சூடேறும் என்பதால், மழைக்குப் பின் குச்சியால் சுரண்டிக் கழுவுகிறேன். ஏர் ஃபில்டர் மூடுபனியில் நனைந்து தூசியோடு சேர்ந்து இறுகிவிடுவதால் கையேடு சொல்வதற்கு முன்னதாகவே மாற்றுகிறேன்.

மலையில் ஓடிய பழைய வண்டியை வாங்குவோர் போர் எந்த அளவில் இருக்கிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். ஓவர்சைஸ் எண் பிஸ்டனின் தலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஹெட்டைக் கழற்றாமல் அது தெரியாது. 1.00 ஏற்கெனவே போட்டிருந்தால் அடுத்த முறை பிளாக்கையே மாற்ற வேண்டியிருக்கும், விலையில் அதைக் கழித்துப் பேசலாம். நான் லேத் ரசீதை ஆர்சி புத்தகத்தோடு வைத்திருக்கிறேன், அதில் 0.25 என்று எழுதியிருக்கிறது.