உச்சி வெயிலில் ஃபிளாஷ்: எச்.எஸ்.எஸ்., என்.டி. ஃபில்டர், லீஃப் ஷட்டர், குளோபல் ஷட்டர் – ஓர் ஒப்பீட்டு அலசல்

சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்டு வைத்த கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். அந்த வெயிலில் ஒருவரை நிறுத்திப் படமெடுத்தால் கண்குழி இருண்டுவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். ஃபிளாஷ் இல்லாமல் முகத்தைக் காப்பாற்ற முடியாது. கூடவே பின்னணி மங்கலாகவும் வானம் வெளிறாமலும் இருக்க வேண்டும் என்று விரும்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 2.8 (லென்ஸ் துவாரத்தின் அகன்ற நிலை) என்று வைத்தால், தெளிந்த வெயிலுக்கு ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/3200 வினாடி ஆக வேண்டும். பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷ் 1/200 அல்லது 1/250 வரைதான் ஒத்துவரும். நடுவில் நான்கு ஸ்டாப் பள்ளம் இருக்கிறது; ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது. அதைத் தாண்ட எச்.எஸ்.எஸ். என்ற உயர்வேக ஒத்திசைவைத்தான் நம்மில் பலரும் முதலில் நாடுகிறோம். அசையாமல் நிற்பவரை எடுக்கும் படங்களுக்கு அது முதல் தேர்வாக இருக்கக் கூடாது என்பதே என் முடிவு.

காரணம் ஷட்டரின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒளியைப் பதியும் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் உள்ளன. 1/200 வரை, முதல் திரை முழுவதும் திறந்த பிறகே இரண்டாம் திரை மூடத் தொடங்கும். சென்சார் முழுவதும் திறந்திருக்கும் அந்த நொடித்துளியில் ஃபிளாஷ் வெடித்தால் போதும். வேகம் கூடும்போது முதல் திரை ஓடி முடிக்கும் முன்பே இரண்டாவது துரத்தத் தொடங்குவதால், ஒரு குறுகிய இடுக்கு மட்டுமே சென்சாரின் மேல் நகர்ந்து போகிறது. அப்போது சாதாரண ஃபிளாஷ் வெடித்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். எச்.எஸ்.எஸ். முறையில் ஃபிளாஷ், இடுக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் நேரம் முழுவதும், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டுவிட்டுத் துடித்துத் தொடர்விளக்கு போல எரிகிறது. ஒலிம்பஸ் நிறுவனம் 1986-இல் ஓ.எம்.-4 டி.ஐ. கேமராவுடனும் எஃப்280 ஃபிளாஷுடனும் கொண்டுவந்த இந்த உத்தியின் அடிப்படை இன்றும் மாறவில்லை.

இதற்கான விலையை வெளிச்சத்தில் கொடுக்கிறோம். இடுக்கு ஓர் இடத்தைக் கடக்கும்போது துடிக்கும் ஒளி மட்டுமே அந்த இடத்துக்குப் பயன்படும். மற்ற நேரமெல்லாம் எரிவது மூடிய திரையின் மேல் விழுந்து வீணாகிறது. ஷட்டர் வேகத்தை ஒரு ஸ்டாப் கூட்டினால், வெயில் குறைவது போலவே ஃபிளாஷும் ஒரு ஸ்டாப் குறைகிறது. அதற்கும் மேலாக, எச்.எஸ்.எஸ். முறைக்கு மாறியவுடனேயே ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை முன்கூட்டியே போய்விடுகிறது.

லென்ஸின் முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்.டி. ஃபில்டரை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு ஸ்டாப் என்.டி. போட்டால் ஷட்டர் 1/200-லேயே நிற்கும், எஃப் 2.8 கிடைக்கும், ஃபிளாஷ் தன் முழுச் சக்தியையும் ஒரே வெடிப்பில் தரும். ஃபில்டர் ஃபிளாஷையும் அதே நான்கு ஸ்டாப் தடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 1/3200-இல் எச்.எஸ்.எஸ். இழப்பது அந்த நான்கோடு மேற்சொன்ன ஒன்றிரண்டையும் சேர்த்து. ஆகவே கணக்கில் என்.டி. முன்னே நிற்கிறது.

இந்த ஒன்றிரண்டு ஸ்டாப் காகிதத்தில் சிறியதாகத் தோன்றும். பெசன்ட் நகர்க் கடற்கரையில், ஷ்மிட் நினைவுச் சின்னத்தை ஒட்டிய மணலில் ஒரு நடனக் கலைஞரை அரைமண்டியில் நிற்க வைத்து எடுத்த அன்று அதன் அளவு எனக்குப் புரிந்தது. என்.டி. போட்டிருந்தபோது சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷின் ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) இரண்டு மீட்டர் தள்ளி நின்றது. அதே வெளிச்சத்தை எச்.எஸ்.எஸ். முறையில் பெற அதை ஒரு மீட்டரை ஒட்டி இழுக்க வேண்டியிருந்தது. சாஃப்ட்பாக்ஸின் ஓரம் சட்டகத்துக்குள் வந்துவிட்டது. பதினொன்றரை மணிக்குக் கடற்காற்று எழுந்ததும் சாஃப்ட்பாக்ஸ் பாய்மரம் போல உப்பியது. "அண்ணா, ஸ்டாண்டு சாயுது" என்று உதவியாளர் கத்தியபடி ஓடிவந்து மணல் மூட்டையின் மேல் கால் வைத்து நின்றார். முழுச் சக்தியில் தொடர்ந்து அடித்ததில் ஃபிளாஷ் சூடேறி, வெப்பப் பாதுகாப்பு வேலை செய்து, சில நிமிடங்கள் எரியவே இல்லை. அந்த நிமிடங்கள் முழுவதும் அந்தக் கலைஞர் சுடுமணலில் வெறுங்காலோடு நின்றார். அந்தக் கால்களை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

என்.டி. ஃபில்டருக்கும் குறைகள் உண்டு. விலை மலிந்தவை நிறத்தைத் திருப்பிவிடும். அரக்குப் பட்டு செம்மண் நிறத்தில் வந்தால், நெய்தவருக்கும் உடுத்தியவருக்கும் நாம் செய்யும் அநியாயம் அது. பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் வியூஃபைண்டர் இருண்டு ஃபோகஸ் தடுமாறும். மின்திரையில் காட்சியைக் காட்டும் மிரர்லெஸ் கேமராவில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸோடு ஃபில்டரும் பனித்துவிடும் என்பதால், துடைக்கும் பரப்பு ஒன்று கூடுகிறது; நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைப்பதே நல்லது.

எச்.எஸ்.எஸ். தெளிவாக வெல்லும் இடம் அசைவு. வெயில் நிறைந்த இடத்தில் 1/200-இல் ஒருவர் துள்ளினால், ஃபிளாஷ் உறையவைத்த உருவத்தைச் சுற்றி வெயில் வரைந்த கலங்கிய விளிம்பு ஒன்று தெரியும். தாவணி முனையிலும் கூந்தலிலும் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். 1/3200-இல் அந்தக் கலக்கம் இல்லை. மேகம் வந்து வந்து போகும் நாளிலும் ஃபில்டரைக் கழற்றி மாட்டுவதைவிட ஒரு சக்கரத்தைத் திருப்புவது எளிது. மணமக்கள் நம் சொல்லுக்குக் காத்திருக்காமல் நடந்துகொண்டே இருக்கும் திருமணப் படப்பிடிப்புக்கு இந்த ஒரு வசதியே போதுமான நியாயம்.

ஹைப்பர்சிங்க் போன்ற பெயர்களில் விற்கப்படும் இன்னொரு முறையும் உண்டு. மெதுவாக அணையும் ஃபிளாஷைச் சற்று முன்னதாகவே எரியவிட்டு, அதன் வால் ஒளியில் இடுக்கை ஓடவிடுவது அது. சக்தி மிச்சமாகும் என்றாலும், ஒளி தேயத் தேய இடுக்கு நகர்வதால் படத்தின் ஒரு பக்கம் இருண்டு போகலாம். பல விளக்குகளில் சக்தியைக் குறைத்தால் வாலும் குறுகிவிடும். குறிப்பிட்ட கேமராவும் குறிப்பிட்ட விளக்கும் பொருந்தினால் ஒழிய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லீஃப் ஷட்டர் இந்தச் சண்டையிலிருந்தே விலகி நிற்கிறது. லென்ஸுக்குள் இதழ்கள் நடுவிலிருந்து விரிந்து மூடுவதால் இடுக்கு என்பதே கிடையாது. 1957-இல் வந்த ஹாசல்பிளாட் 500 சி, 1/500 வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷோடு ஒத்துழைத்தது. அதே நிறுவனத்தின் 2016-இன் எக்ஸ்1டி 1/2000 வரை போகிறது. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை, இதே ஷட்டரோடு உள்ளேயே ஒரு என்.டி. ஃபில்டரையும் வைத்திருக்கும் சிறிய கேமரா. அதன் லென்ஸைக் கழற்ற முடியாது என்பதை ஏற்றுக்கொள்பவருக்கு, வெளிப்புற ஃபிளாஷுக்கு இதைவிடக் கச்சிதமான கருவியை நான் பார்த்ததில்லை.

2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III, குளோபல் ஷட்டர் மூலம் 1/80000 வரை ஃபிளாஷை ஏற்கிறது. சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் ஒளியைப் பதிவதால் திரையும் இல்லை, இடுக்கும் இல்லை. ஆனால் பெரிய விளக்கு முழுச் சக்தியில் எரிந்து அணையச் சில நூறில் ஒரு பங்கு வினாடி ஆகும். அதைவிட வேகமாக ஷட்டரை மூடினால் ஃபிளாஷின் ஒரு துண்டுதான் படத்தில் சேரும். அடிப்படை ஐ.எஸ்.ஓ. 250 என்பதால் வெயிலோடு மல்லுக்கட்ட ஒரு ஸ்டாப்புக்கும் மேல் கூடுதல் வேகம் தேவை. லீஃப் ஷட்டரின் உச்ச வேகங்களுக்கும் ஃபிளாஷ் எரியும் நேரம் பற்றிய இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மேற்சொன்ன அத்தனையும் வெளிப்புறத்துக்குத்தான். ஸ்டுடியோவுக்குள் எச்.எஸ்.எஸ். பெரும்பாலும் தேவையில்லாத செலவு. ஜன்னலை அடைத்த அறையில் அசைவை உறையவைப்பது ஷட்டர் அல்ல, ஃபிளாஷ் எரியும் நேரத்தின் குறுக்கமே. 1/160-லேயே சலங்கையின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நிற்கும், விளக்கு போதுமான அளவு விரைவாக அணைந்தால். ஃபிளாஷை நடுவிலேயே துண்டித்து அணைக்கும் ஐ.ஜி.பி.டி. கட்டுப்பாடு உள்ள விளக்கில் சக்தியைக் குறைக்கக் குறைக்க எரியும் நேரம் குறுகும். மின்னழுத்தத்தை மட்டும் குறைக்கும் பழைய பாணி விளக்குகளில் பெரும்பாலும் அது நீளும். விற்பவர் எச்.எஸ்.எஸ். 1/8000 என்று பெட்டியைக் காட்டும்போது, கையேட்டில் டி 0.1 (ஒளி உச்சத்தின் பத்தில் ஒரு பங்காகத் தேயும் வரையிலான நேரம்) என்ற தலைப்பில் உள்ள அட்டவணையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டி 0.5 (பாதியாகத் தேயும் வரையிலான நேரம்) மட்டும் போட்டிருந்தால், உண்மையில் எரியும் நேரம் அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கணக்கிட்டுக்கொண்டு விலையைப் பேசுங்கள்.