மெட்லியா, வெறும் தொடர்ச்சியா?

பாடல்கள் இடைவெளி இல்லாமல் ஓடினாலே மெட்லி (பாட்டுத் துண்டுகளைக் கோத்து ஒரே பாட்டுபோல ஆக்குவது) ஆகிவிடாது. பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழுவின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) ஆல்பத்தில் பாடல்கள் ஒன்றில் ஒன்று கரைகின்றன. 'டைம்' முடிவில் 'ப்ரீத்' திரும்பவும் வருகிறது. ஆனாலும் 'மணி'யைத் தனியே உருவிப் போட்டால் முழுப் பாட்டாகவே நிற்கும். சிங்கிளாகவும் (தனிப்பாட்டு வெளியீடாக) வந்தது.

பீட்டில்ஸின் 'அபே ரோடு' (1969) இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் வருவதுதான் அசல் மெட்லி. 'மீன் மிஸ்டர் மஸ்டர்ட்', 'பாலிதீன் பாம்' இரண்டும் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் துண்டுகள். தனியாகக் கேட்டால் அரைகுறை. 'கோல்டன் ஸ்லம்பர்ஸ்', 'கேரி தட் வெயிட்' இரண்டையும் ஒரே பாட்டாகச் சேர்த்தே பதிவு செய்தார்கள். பின்னதில் 'யூ நெவர் கிவ் மீ யுவர் மணி'யின் மெட்டு அழகாகத் திரும்புகிறது. மஸ்டர்டுக்கும் பாமுக்கும் நடுவே இருந்த 'ஹெர் மெஜஸ்டி'யை வெட்டி எடுத்தபோது, மஸ்டர்டின் கடைசி கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) அதன் தலையில் ஒட்டிக்கொண்டது. ஆல்பத்தின் கடைசியில் இன்றும் கேட்கலாம்.