ராட்டை, தறி, இயற்கை விவசாயம் என்று தங்கிப் பயிற்சிக்கு அழைக்கிறார்களா? பணம் கட்டும் முன் படியுங்கள்

வாட்ஸாப்பில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதம் பண்ணையிலேயே தங்கி இயற்கை விவசாயம், ராட்டை நூற்பு, அவுரி இலையின் நீலச் சாயம், குழித்தறி நெசவு எல்லாம் கற்றுக்கொள்ளலாம், விதையிலிருந்து துணி வரை உங்கள் கையாலேயே என்று போட்டிருக்கும். அதில் ராட்டைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் நான்தான். படத்தை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கேட்டும் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போன இடம்தானே, நாங்களும் சேரட்டுமா?" என்று தெரிந்தவர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருப்பதால் பண்ணையின் பெயரைப் போடவில்லை. திண்டுக்கல் மாவட்டம், மல்லிகை நிறைய விளையும் பக்கம். இப்போதைக்கு இது போதும்.

நான் கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவள். நூல் நம்பர், சாயம், பாவு (நெடுக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) என்று நாள் முழுக்கப் பேசுகிற வேலை. ஆனால் எதையும் கையால் செய்து பார்த்ததில்லை. அந்த ஆசையில்தான் வேலையை விட்டுவிட்டுப் போனேன்.

கட்டணம் 45,000 ரூபாய், சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து. ஜிபே எண் பண்ணையின் பெயரில் இல்லை, நடத்துபவரின் மனைவி பெயரில் இருந்தது. ரசீது கேட்டதற்கு, "இது பங்களிப்பும்மா, கட்டணம் இல்ல, நாங்க வியாபாரம் பண்ணலையே" என்று வாட்ஸாப்பில் பதில் வந்தது. எல்லோரும் அண்ணா என்று கூப்பிடுகிற மனிதர். சென்னையில் பெரிய வேலையை விட்டுவிட்டு மண்ணுக்குத் திரும்பியவர் என்று சொல்லிக்கொள்வார். சுவரில் இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார் படம். 2013-ல் மறைந்த அந்தப் பெரியவர் இருந்திருந்தால் முதலில் அந்தப் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார். போன அன்றே ஆதார் அட்டையின் அசலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "பதிவு பண்ணணும், கிளம்பறப்ப தர்றோம்" என்றார்கள். வீட்டுக்குப் போன் பண்ணியபோது இதைச் சொன்னேன். "மில்லுல புள்ளைங்களச் சேத்துவிடற மாதிரியில்ல இருக்கு" என்றார் அம்மா. கல்யாணத்துக்குப் பணம் என்று ஆசை காட்டி மில்லில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்தில் போய் மாட்டிக்கொண்ட பெண்களை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுப்புவார்கள். மல்லிகை மொட்டு விரிவதற்குள் பறித்து, முதல் வண்டியில் பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பறிப்போம். முதல் நாள் அழகாகத்தான் இருந்தது. இதற்கு "மௌனப் பயிற்சி" என்று பெயர் வைத்திருந்தார்கள். பேசிக்கொண்டே பறித்தால் எடை குறையுமல்லவா! எட்டு மணிக்குக் கஞ்சி. அப்புறம் சின்ன வெங்காயத்தில் களை, கத்தரிக்குத் தண்ணீர் கட்டுவது, சாணி அள்ளுவது. மதியத்துக்கு மேல் மறுபடியும் களை. மல்லிகை வயல் வரப்பில் பூச்சிமருந்து டப்பாக்கள் கிடந்தன. மல்லிகையில் மொட்டுப்புழு படுத்தும் பாடு அப்படி, மருந்தடிக்காமல் வியாபாரத்துக்கு வளர்ப்பது லேசில்லை, அது எனக்கும் புரிகிறது. ஆனால் இயற்கைப் பண்ணை என்று சொல்லிப் பணம் வாங்கியவரிடம் கேட்காமல் இருக்க முடியுமா? "அந்தத் தோட்டம் தம்பியோடதும்மா" என்றார். தம்பியின் தோட்டத்தில் நாங்கள் ஏன் பூப்பறிக்கிறோம் என்று கூட இருந்த பையன் கேட்டான். அன்றிலிருந்து அவனுக்குச் சாணி அள்ளுகிற வேலை மட்டும்தான்.

விவசாயப் பாடம் என்று நடந்தது ஒரே ஒரு நாள் ஜீவாமிர்தம் என்கிற இயற்கை உரக் கரைசல் கலக்கியது. 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர், 10 கிலோ சாணி, கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, கைப்பிடி மண். யூடியூபில் ஆயிரம் பேர் செய்து காட்டுவதுதான். அதையும் வீடியோ எடுப்பதற்காக இரண்டு தடவை கொட்டிக் கலக்கச் சொன்னார்கள். களை எடுப்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை. குனிந்து வேலை செய்யாமல் விவசாயம் வராது. எந்தக் களையை விடலாம், எதை வேரோடு எடுக்க வேண்டும், ஏன் இந்தப் பாத்தியில் மட்டும் கோரை மண்டுகிறது என்று சொல்லித் தந்தால் அது பயிற்சி. எங்களுக்குச் சொல்லித் தரத்தான் ஆளே இல்லை. முன்பெல்லாம் பக்கத்து ஊர்ப் பெண்கள் கூலிக்கு வந்திருக்கிறார்கள், நாங்கள் வந்தபின் அவர்களைக் கூப்பிடுவதில்லை. அவர்களில் ஒரு ஆத்தா வேலியோரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாங்க காசு வாங்கிக் களை எடுத்தோம். நீங்க காசு குடுத்து எடுக்கறீகளாக்கும்?"

சரி, பருத்திக்கு வருவோம். நான் போனது அதற்காகத்தானே.

போஸ்டரில் கருங்கண்ணி என்று போட்டிருந்தது. கருங்கண்ணி நம் நாட்டுப் பருத்தி. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பார்கள். மாசி, பங்குனியில்தான் வெடிக்கும். இந்தப் பயிற்சி ஆனியில் தொடங்கி ஆவணியில் முடிகிறது. அதாவது விதைப்பும் கிடையாது, பறிப்பும் கிடையாது. பண்ணை இருப்பதோ செம்மண்ணில். இதைக் கேட்டபோது, "விதை உங்க மனசுல போடறோம்" என்று சொன்னார். இந்த மாதிரி பதிலுக்கு என்ன செய்வது சொல்லுங்கள்.

நூற்க ஒரு வயதான அம்மா வருவார். முன்பு கதர் நூற்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். அந்த மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆசிரியர் அவர்தான், அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கையில் பஞ்சுப் பட்டை. நூல் சுற்றுகிற கதிர்க் கம்பியின் முனையிலிருந்து கை மெல்லப் பின்னால் போகப் போக இழை முறுக்கேறி நீளும். கை நீண்டதும் சக்கரத்தை ஒரு துளி பின்பக்கம் திருப்பி, முனையில் சுற்றியதை அவிழ்த்து, நூலைக் கதிருக்குக் குறுக்காகக் கொண்டுவந்து மறுபடி முன்னால் சுற்றினால் நூல் கதிரில் ஏறும். எனக்கு அறுந்துகொண்டே இருந்தது. அவர் வந்து என் கட்டைவிரலை மட்டும் தொட்டு, "இறுக்கிப் புடிச்சா பஞ்சு எப்படிக் கண்ணு வரும்? விடு, அதுவா வரும்" என்றார். விட்டேன், வந்தது. முழங்கை நீளம் ஒரே சீராக. ஆனால் அவர் வாராவாரம் வந்ததே ஞாயிற்றுக்கிழமை, அதுவும் வெளியூரிலிருந்து பார்வையாளர்கள் வருகிற நேரத்துக்கு. அவர்கள் போட்டோ எடுத்து முடிக்கும்வரை ராட்டை எங்களுக்கு. வண்டி கிளம்பியதும் ராட்டை அறைக்குப் பூட்டு. அந்த அம்மாவுக்கும் சம்பள பாக்கி இருக்கிறது என்பது கடைசியில்தான் தெரிந்தது.

தறியின் கதை இன்னும் மோசம். குழித்தறியில் பாவு பூட்டி ஒரு ஜாண் துணி நெய்திருந்தது. வருகிறவர்கள் குழியில் காலைத் தொங்கவிட்டு ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடாவை நாலு தடவை தள்ளுவார்கள், கைதட்டுவார்கள். நான் கிளம்பும்போதும் அதே பாவுதான், இழைகளைத் தூக்கி இறக்குகிற விழுதில் ஒட்டடை. பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது, அச்சில் இழை கோப்பது எதையும் ஒருநாளும் கண்ணால் பார்க்கவில்லை. தறியில் உட்கார்ந்து நாடாவைத் தள்ளுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும், நெசவில் பாடுபட வேண்டியதெல்லாம் அதற்கு முந்தைய இந்த வேலைகள்தான்.

அவுரி "பயிற்சி"யில் கரூர்க்காரியான எனக்கு மூக்கே போதுமானதாக இருந்தது. அவுரித் தொட்டி என்றால் சுண்ணாம்பும் தகரை விதையும் போட்டு நாள்கணக்கில் புளிக்க விடுவது. அங்கே பாக்கெட்டிலிருந்து நீலப்பொடியைக் கொட்டி, ஒரு வெள்ளைத் தூளைப் போட்டதும் கந்தக நெடி குப்பென்று வந்தது. ஹைட்ரோஸ், நீலத்தைக் கரைய வைக்கிற ரசாயனம். சாயப்பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு அந்த வாடை மறக்காது. அதனுடன் காஸ்டிக் சோடா. கையுறை இல்லாமல் எங்களை முக்கச் சொன்னார்கள். ஒரு பெண்ணுக்கு விரலிடுக்கெல்லாம் வெந்துபோனது. மீந்த தண்ணீர் கிணற்றுக்குப் பக்கத்துக் குழியில். சாயக்கழிவால் நொய்யல் ஆறு நாசமாகி, 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதெல்லாம் இவர்களுக்கு வேறு நாட்டுச் செய்தி போலிருக்கிறது.

இதையெல்லாம்கூட அசட்டு நிர்வாகம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று இருக்கிறது. மழை நாட்களில் எங்களுக்கு "நூல் வேலை" தருவார்கள். நூலை வளையமாக, அதாவது சிட்டமாகச் சுற்றி, பனையோலைப் பெட்டியில் வைத்து, கருங்கண்ணி கைநூற்பு நூல் என்று அச்சடித்த அட்டையைக் கட்ட வேண்டும். நூல் எங்கிருந்து வருகிறது? ஸ்டோர் ரூமில் மில் கோன்கள். கோனின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் "40 கோம்டு" என்று இருந்தது. 40 என்பது மெல்லிய நூலின் நம்பர். கருங்கண்ணி குட்டை இழைப் பருத்தி, தடித்த நூலுக்குத்தான் அது லாயக்கு. கோம்டு என்றால் குட்டை இழையையெல்லாம் மெஷினில் சீவித் தள்ளிய மில் நூல். கணக்கும் உதைக்கிறது. 3 கிலோ பருத்தியில் கொட்டை நீக்கினால் ஏறத்தாழ 1 கிலோ பஞ்சுதான் நிற்கும். பண்ணையில் இருந்ததோ காட்சிக்கு வைத்த ஒரு மூட்டை, அதுவும் குறையவே இல்லை. பெட்டிகள் மட்டும் வாராவாரம் கூரியரில் போயின. அட்டையில் "கதர்" என்ற சொல் எங்கும் இல்லாததைக் கவனித்தேன். காதி மார்க் இல்லாமல் கதர் என்று விற்றால் காதி ஆணையம் பிடிக்கும், "கைநூற்பு" என்று போட்டால் அந்தச் சிக்கல் வராது என்று நினைத்திருப்பார்கள் போல. அங்கே நூல் வாங்கியவர்கள் நாலைந்து முழத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கையால் நூற்றதில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும். முழுக்க ஒரே சீராக இருந்தால் அது பெரும்பாலும் மில் நூல்தான்.

சிட்டம் சுற்ற மாட்டேன் என்று சொன்ன அன்று மாலையே, "உன்னோட எனர்ஜி இங்க செட் ஆகலம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். பங்களிப்பைத் திருப்பிக் கேட்பது தர்மமா என்று ஒரு நீளமான குரல் செய்தி வந்தது. அப்புறம் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆதாரை வாங்க அப்பாவும் சித்தப்பாவும் நேரில் போக வேண்டியிருந்தது.

இந்த மாதிரி இடங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. சேர்வதற்கு முன் மாதவாரியாக என்ன பயிர், யார், எந்தக் கிழமை சொல்லித் தருகிறார் என்று எழுத்தில் கேளுங்கள். விளைந்ததை விற்கும் பணம் யாருக்கு என்று கேளுங்கள். ஞாயிறு தவிர்த்து ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் போய் நில்லுங்கள். விவசாயத்துக்கு மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களில் குறுகிய பயிற்சிகள் நடக்கின்றன, விசாரித்துப் பாருங்கள். நெசவை முறையாகப் படிக்க சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே டிப்ளமோவே மூன்று வருடம். நூற்க மட்டும் ஆசை என்றால் பக்கத்தில் கதர் வேலை நடத்தும் சர்வோதய சங்கத்தில் போய்க் கேளுங்கள், ராட்டை சுற்றிய கைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. நான் இப்போது அந்த அம்மாவின் வீட்டுக்கே போய்க் கற்றுக்கொள்கிறேன், பணத்தை அவர் கையிலேயே கொடுத்து.

அங்கே ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ஜிபே விவரத்தையும் வாட்ஸாப் பேச்சையும் போஸ்டரையும் அழித்துவிடாதீர்கள். "பங்களிப்பு" என்று பெயர் வைத்தாலும், என்னென்ன தருகிறோம் என்று போஸ்டர் போட்டுத் தொகை வாங்கினால் அது சேவைக்கான கட்டணம்தான் என்று வக்கீல் சொன்னார். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை நடந்ததிலிருந்து 2 வருடம் வரை நேரம் இருக்கிறது. மனு எழுத மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், என்னுடையதை அனுப்புகிறேன்.